இடத்தைச் சொல்லாத விமானம் எப்படி அகப்படுகிறது?

சில பயணிகள் விமானங்கள் மட்டுமே வந்துபோகும் ஒரு சிறிய விமான நிலையம். திடீரென்று சாம்பல் நிற ராணுவச் சரக்கு விமானம் ஒன்று இறங்குகிறது. பார்த்தால், அதற்கு முன்பே வேலியோரம் நாலு பேர் கேமராவோடு நிற்கிறார்கள். பெரும்பாலும் உள்ளேயிருந்து யாரும் தகவல் கசியவிட்டிருக்க மாட்டார்கள். காட்டிக்கொடுத்தது விமானமேதான்.

பயணிகள் விமானங்கள் ஜிபிஎஸ் மூலம் தங்கள் இருப்பிடத்தை அறிந்து, அதை 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓயாமல் அறிவித்துக்கொண்டே பறக்கின்றன. இந்த முறைக்கு ஏடிஎஸ்-பி என்று பெயர். இதில் ரகசியக் குறியாக்கம் கிடையாது. சின்ன ரிசீவர் இருந்தால் யாரும் கேட்கலாம். ராணுவ விமானங்கள் பல நேரம் இந்த அறிவிப்பை நிறுத்திவிடும். ஆனால் பொது வான்வெளிக்குள் வரும்போது கேள்விக்குத் தானாகப் பதில் அனுப்பும் ட்ரான்ஸ்பாண்டர் கருவியையே அணைத்துவிடுவது ஆபத்து. கட்டுப்பாட்டாளரின் ரேடாரும், பக்கத்தில் பறக்கும் விமானங்களின் மோதல் தவிர்ப்புக் கருவியும் 1030 மெகாஹெர்ட்ஸில் 'யார் நீ, என்ன உயரம்?' என்று கேட்டபடி இருக்கும். பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதிலில் இருப்பிடம் இராது. ஆனால் பதில் வந்து சேரும் நேரம் இருக்கிறதே, அது போதும்.

ரேடியோ அலை ஒரு மைக்ரோ விநாடியில், அதாவது விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கில், சுமார் 300 மீட்டர் செல்லும். ஒரே பதில் ஓர் ஊர் ரிசீவருக்கு, இன்னோர் ஊர் ரிசீவரைவிட 100 மைக்ரோ விநாடி முந்தி வந்தால், விமானம் முதல் ஊருக்கு 30 கிலோமீட்டர் கூடுதல் பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட புள்ளிகள் எல்லாம் சேர்ந்து வளைந்த ஒரு பரப்பாக அமையும். மூன்றாவது, நான்காவது ரிசீவர்களும் சேர்ந்தால் பரப்புகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் விமானம் சிக்கும். மல்ட்டிலேட்டரேஷன் என்பது இதுதான்.

இதில் ஒரு சிக்கல். கடிகாரம் ஒரு மைக்ரோ விநாடி பிசகினாலே கணக்கு 300 மீட்டர் தவறும். வீட்டுக் கூரையில் மலிவான ஆண்டெனா வைத்து இந்தச் சிக்னல்களைப் பிடிக்கும் ஆர்வலர்களிடம் அணுக் கடிகாரமா இருக்கும்? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்: இருப்பிடத்தை ஒளிக்காத பயணிகள் விமானங்களை வைத்தே கடிகாரங்களைச் சரிபார்க்கிறார்கள். அவை எங்கே இருக்கின்றன என்பது தெரியும். ஆகவே சிக்னல் வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்பதும் தெரியும். மிச்சமிருக்கும் வித்தியாசம் கடிகாரப் பிழை.

எந்த விமானம் என்பதைச் சொல்வது பதிலில் உள்ள 24 பிட் முகவரி. மொத்தம் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட முகவரிகள் நாடுகளுக்குப் பகுதி பகுதியாகப் பிரித்துத் தரப்பட்டிருக்கின்றன. பதினாறடிமான எண்ணில் (0 முதல் 9 வரை, பிறகு ஏ முதல் எஃப் வரை எழுதும் முறை) ஏஈ என்று தொடங்கினால் அமெரிக்க ராணுவம். 43சி என்றால் பிரிட்டன் ராணுவம்.

தாழ்ந்து வரவர இந்த வித்தை பலிக்காது. 10 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்தின் சிக்னல் 400 கிலோமீட்டர் வரை எட்டும். 300 மீட்டர் உயரத்துக்கு இறங்கிவிட்டால் 70 கிலோமீட்டர்தான். பூமியின் வளைவு மறைத்துவிடும். அப்புறம் கண்தான். நான்கு ஜெட் என்ஜின், உயர்ந்த இறக்கை, 'டி' வடிவ வால் என்றால் சி-17 சரக்கு விமானமாக இருக்கலாம். நான்கு புரொப்பெல்லர், ஒவ்வொன்றிலும் ஆறு அலகு (சுழலும் தகடு) என்றால் சி-130ஜே. எட்டு அலகு என்றால் பெரும்பாலும் ஏ400எம். இவையும் சரக்கு விமானங்கள்தான். போயிங் 737 போலவே இருந்தும் பயணிகள் ஜன்னல் வரிசை இல்லை, இறக்கை நுனியும் மேல்நோக்கி மடங்கவில்லை என்றால் பி-8 கடல் கண்காணிப்பு விமானம்.

ஓடிப்போய்ப் பார்த்தால் விமானம் இறங்காமலே போய்விடுவதும் உண்டு. நெரிசல் இல்லாத ஓடுபாதையைத் தரையிறங்கும் பயிற்சிக்குப் பயன்படுத்துவார்கள். தரையைத் தொடும் தூரம் வரை வந்து, திரும்ப ஏறிவிடுவார்கள்.

விமான எண்ணைக் குறித்துவைப்பதையும் படமெடுப்பதையும் எல்லா நாடுகளும் சாதாரணப் பொழுதுபோக்காக எடுத்துக்கொள்வதில்லை. 2001 நவம்பரில் கிரீஸின் கலமாட்டாவில் 12 பிரிட்டன்காரர்களும் 2 டச்சுக்காரர்களும் உளவாளிகள் என்று சந்தேகிக்கப்பட்டுக் கைதானார்கள். மறு ஆண்டு ஏப்ரலில் தண்டனை. நவம்பரில் மேல்முறையீட்டில் விடுதலை.