மீன் சாய்ந்தபின் ‘இம்யூனிட்டி மருந்து’ தேடாதீர்கள்

மீன் நோய் பார்க்கும் எனக்கு விடிந்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். கரையோரம் நாலைந்து கொடுவா சாய்ந்து கிடக்கும், துடுப்படி சிவந்திருக்கும். அடுத்த படம் ஒரு பாட்டிலின் லேபிள். கூடவே கேள்வி: “சார், இந்த இம்யூனிட்டி மருந்து கிலோ தீவனத்துக்கு எத்தனை மில்லி?” தொண்டி, மீமிசல், கோட்டைப்பட்டினம் கரையிலுள்ள பண்ணைகளிலிருந்து வருகிறது. பண்ணையை ஆளிடம் ஒப்படைத்துவிட்டுக் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் இருக்கும் உரிமையாளர்களிடமிருந்தும் வருகிறது. ஐப்பசி மழை இறங்கினால் போதும், கேள்வியும் வந்துவிடும். இந்த ஆண்டும் வந்துவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் மொத்தமாக எழுதுகிறேன்.

சாய்ந்த மீன் தீவனம் எடுக்காது. தீவனத்தில் நீங்கள் கலப்பது அந்த மீனின் வயிற்றுக்குப் போகாமல் குளத்தின் அடியில் போய்ச் சேரும். நன்றாக இருக்கும் மீன்கள் தின்னத்தான் செய்யும். ஆனால் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் எந்தப் பொருளும் வேலை காட்ட இரண்டு வாரமாவது வேண்டும். உங்கள் குளத்தில் நோய்க்கு அத்தனை நாள் தேவைப்படாது.

அதைவிட என்னை வருத்துவது இன்னொரு பழக்கம். வாரம் ஒருமுறை தீவனத்தில் கொஞ்சம் ஆன்டிபயாடிக் கலந்துவிட்டால் மீனுக்கு ‘தெம்பு’ ஏறும் என்று பலர் மனதார நம்புகிறார்கள். ஏறாது. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொல்லும், அவ்வளவுதான். மீனின் எதிர்ப்புச் சக்திக்கு அது எதையும் சேர்ப்பதில்லை. குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்து அழிப்பதால் இருந்த பாதுகாப்பும் போகிறது. வாரம் ஒருமுறை குறைந்த அளவில் போட்டால் விப்ரியோ என்ற நோய்ப் பாக்டீரியாவில் பலவீனமானது சாகும், மருந்துக்கு அடங்காத விப்ரியோ தங்கிப் பெருகும். உண்மையாகவே மருந்து தேவைப்படும் நாளில் அது வேலை செய்யாது. பெரும்பாலும் குஞ்சுகளின் மூளையையும் கண்ணையும் தாக்கும் நரம்பு நோய் போன்ற வைரஸ் நோய்களில் ஆன்டிபயாடிக்குக்கு எந்த வேலையும் இல்லை. பலரும் கைவைக்கும் ஆக்ஸிடெட்ராசைக்ளினைக் கடல்நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் பிடித்துக்கொள்வதால், மீன் உடம்பில் சேர்வது சொற்பமே. ‘இறாலுக்குப் போட்டோமே’ என்று சொல்லாதீர்கள். இறாலுக்கும் அது தவறுதான். குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் வகைகளைக் கடலோர மீன்வளர்ப்பு ஆணையம் தடை செய்திருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று லேபிளில் எழுதாத பொடியை வாங்கினால், அதில் இவை இல்லை என்று உங்களாலும் சொல்ல முடியாது, விற்றவராலும் சொல்ல முடியாது. அந்த மீன் நம் ஊர்ச் சந்தைக்குத்தான் வருகிறது, நம் வீட்டுக் குழம்புச் சட்டிக்குத்தான் போகிறது. அதையாவது நினைத்துப் பாருங்கள்.

அப்படியானால் எதிர்ப்புச் சக்தி எங்கிருந்து வரும்? முதலில் தீவனத்திலிருந்து.

கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகு கரை வந்ததும் கிடைக்கும் சங்காயத்தை, அதாவது விலைபோகாத கழிவு மீனை, வாங்கி நறுக்கிப் போடுவது மலிவாகத் தெரிகிறது. சூடை, சாளை, நெத்திலி போன்றவற்றில் தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். மாதக்கணக்கில் அதையே தின்னும் கொடுவா வளர்ச்சி குன்றி, வலிப்பு வந்ததுபோல் துள்ளிச் சுழலும். இதை நரம்பு நோய் என்று நினைத்துப் பதறுகிறவர்கள் உண்டு. பெரிய மீன் சுழன்றால் முதலில் என்ன தீவனம் என்று கேட்பது எங்கள் தொழிலில் வழக்கம். ஐஸ் இல்லாமல் மதியம்வரை கிடந்த சங்காயத்தில் கொழுப்பு கெட்டுக் காறிவிடும். அது வைட்டமின் ஈ-யைத் தீர்த்து ஈரலைக் கெடுக்கும். ஈரல் வெளுத்து, மஞ்சளித்துப்போன மீனுக்கு எந்த டானிக்கும் உதவாது. போதாததற்கு விப்ரியோவும் ஒட்டுண்ணியும் அதே கூடையில் வந்து இறங்கும்.

மிதக்கும் குச்சித் தீவனத்துக்கு மாறுங்கள். கொடுவாவுக்கு 42 முதல் 45 சதவீதம் புரதம் உள்ளது வேண்டும். ஒரே நாளில் மாற்றினால் தின்னாது. முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு, பிறகு நாளுக்கு நாள் கூட்டி, ஒரு வாரம் பத்து நாளில் முழுதாக மாற்றுங்கள். மூட்டையைத் தரையில் வைக்காமல் மரப்பலகைமேல் சுவரைவிட்டுத் தள்ளி அடுக்குங்கள். மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்த தீவனத்தில் அஃப்ளடாக்சின் இருக்கலாம், எதிர்ப்புச் சக்தியை நேராகக் குறைக்கும் நஞ்சு அது. வாசனை மாறிய மூட்டையை வெயிலில் காயவைத்துப் போடுவது வேண்டவே வேண்டாம். வெயில் பூஞ்சையை உலர்த்தும், நஞ்சை எடுக்காது.

இனி நீங்கள் கேட்கும் ‘பூஸ்டர்’. பயன் உள்ளவை இருக்கின்றன, காலம் பார்த்துக் கொடுத்தால். ஈஸ்ட்டிலிருந்து எடுத்த பீட்டா குளுக்கான் கிலோ தீவனத்துக்கு 1 கிராம். வைட்டமின் சி நிலைப்படுத்தப்பட்ட வடிவில் கிலோவுக்கு 500 மில்லிகிராம். சாதாரண அஸ்கார்பிக் அமிலம் காற்றிலும் ஈரத்திலும் கெட்டுவிடும். மருந்துக்கடையில் மனிதர்களுக்கு விற்கும் மாத்திரையை இடித்துப் போட்டால் பாதி தண்ணீரில் கரைந்து போகும். பேக்கரி ஈஸ்ட்டை அப்படியே கரைத்து ஊற்றுவதும் குளுக்கான் கொடுப்பதாகாது. குளுக்கான் அதன் தடித்த செல்சுவரில்தான் இருக்கிறது, அதைப் பிரித்தெடுத்தால்தான் மீனுக்குக் கிடைக்கும்.

கணக்கு இப்படி. குளத்தில் 100 கிராம் எடையில் 3,000 மீன் என்றால் மொத்தம் 300 கிலோ. உடல் எடையில் 3 சதவீதம் தீவனம் என்றால் நாளொன்றுக்கு 9 கிலோ. அதற்குக் குளுக்கான் 9 கிராம், வைட்டமின் சி 4.5 கிராம். இரண்டையும் அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான நல்ல தண்ணீரில் கலக்கி, தீவனத்தைத் தார்ப்பாயில் பரப்பி, புரட்டிப் புரட்டித் தெளியுங்கள். நிழலில் கால் மணி நேரம் உலரவிட்டு, கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி மீன் எண்ணெயைப் பூசுங்கள். எண்ணெய்ப் பூச்சு இல்லாவிட்டால் போட்டதெல்லாம் தண்ணீருக்குத்தான். அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே போட்டு முடியுங்கள்.

மழைக்கு முன், மீனை அளவுவாரியாகத் தரம் பிரிப்பதற்கு முன், குஞ்சு மாற்றுவதற்கு முன் என்று பார்த்து இரண்டு வாரத்திலிருந்து நான்கு வாரம்வரை கொடுத்து நிறுத்துங்கள். ஆண்டு முழுக்கக் கொடுத்தால் கூடுதலாகக் கிடைக்கும் என்பது தவறு. ஓயாமல் தூண்டிக்கொண்டே இருந்தால் உடல் அதற்குப் பழகிவிடும், பலன் குறையும். பூண்டும் மஞ்சளும் அரைத்துக் கலப்பவர்களை நான் தடுப்பதில்லை. ஈரத்தோடு கலந்த அந்தத் தீவனத்தை மறுநாள்வரை வைத்திருப்பதைத்தான் தடுப்பேன்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் மீன் சாகும், தண்ணீரைக் கவனிக்காவிட்டால். கொடுவா நன்னீரிலும் வாழும் மீன் என்ற தைரியத்தில் மழைநீரைக் குளத்துக்குள் விட்டுவிடுகிறார்கள். வாழும், மெதுவாகப் பழக்கினால். ஒரே இரவில் உப்பு பாதியாக இறங்கினால் மீன் அதிர்ந்து கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் ஏறி எதிர்ப்புச் சக்தி படுத்துவிடும். விப்ரியோ உள்ளே நுழைய அது போதும். கரையை உயர்த்தி, மேலாக நிற்கும் மழைநீரை மேல்மட்ட மதகு வழியாக வெளியேற்றுங்கள். சித்திரை, வைகாசியில் சிக்கல் வேறு: சூடு ஏறும், கரைந்த ஆக்ஸிஜன் குறையும். விடியுமுன் 4 முதல் 6 மணிக்குள் மீட்டரில் பாருங்கள். 4 பிபிஎம்முக்குக் கீழே போனால் ஏரேட்டரைக் கூட்டித் தீவனத்தைக் குறையுங்கள். 3-க்குக் கீழே தீவனமே வேண்டாம். மதியம் பார்த்து ‘நன்றாக இருக்கிறது’ என்பது கணக்கில் வராது. உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பாட்டிலுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு மீட்டர் வாங்கிப் பண்ணையில் இருப்பவரிடம் கொடுங்கள். ‘தீவனத்தை நிறுத்து’ என்று அவர் முடிவெடுத்தால் போனில் திட்டாதீர்கள்.

கொடுவாக் குஞ்சு ஒன்றை ஒன்று தின்னும் என்பதால் வாரம் ஒருமுறை தரம் பிரித்தே ஆகவேண்டும். கையாளும் முறையில்தான் பாதி நோய் பிறக்கிறது. முதல்நாளே தீவனத்தை நிறுத்துங்கள். முடிச்சில்லாத மென்வலையால் விடியற்காலையில் பிடியுங்கள், உலர்ந்த கையால் தொடாதீர்கள். மேல்வழுவழுப்பு உரிந்த இடம் நோய்க்கிருமிக்குத் திறந்த கதவு. கூண்டு வலையில் பாசி அடைந்தால் நீரோட்டம் நிற்கும். மாற்றி எடுத்த வலையை வெயிலில் நன்றாகக் காயவைத்தால் ஒட்டுண்ணி முட்டைகளும் அழியும்.

குஞ்சு வாங்கும்போது நரம்பு நோய்க்கான பிசிஆர் (வைரஸின் மரபணுவைத் தேடும்) சோதனை அறிக்கை கேளுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள். இந்த நோய் தாய்மீனிலிருந்து குஞ்சுக்கு வரும். பிழைத்த மீன் வெளிப்பார்வைக்கு நலமாகத் தெரிந்தாலும் வைரஸைச் சுமந்து திரியும். இதற்குச் சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் தடுப்பூசியே உருவாக்கியிருக்கிறது. தடுப்பூசி போட்ட மறுநாளே பாதுகாப்பு வந்துவிடாது, சில வாரங்கள் ஆகும். நோயோடு இருக்கும் குஞ்சுக்குப் போட்டுப் பயனில்லை. புதிய குஞ்சை நேராகப் பழைய மீனோடு விடாமல் தனித் தொட்டியில் இரண்டு வாரமாவது வைத்துப் பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் மீன் சாய்ந்தால், பாட்டிலின் படம் அனுப்பாதீர்கள். அறிகுறி தெரியும், ஆனால் உயிரோடிருக்கும் மூன்று முதல் ஐந்து மீனை அதே குளத்துத் தண்ணீரில் ஆக்ஸிஜன் பையில் கட்டுங்கள். தனிப் புட்டியில் தண்ணீர் மாதிரி எடுங்கள். கடைசியாகப் பார்த்த ஆக்ஸிஜன், உப்பு அளவு, ஒரு வாரத்துத் தீவனக் கணக்கு, சமீபத்தில் போட்ட எல்லாவற்றின் பெயரும் எழுதிக் கொடுத்து, அன்றைக்கே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். செத்து உப்பி மிதந்த மீனில் எங்களுக்குக் கிடைப்பது அழுகல் பாக்டீரியா மட்டும்தான். அதை வைத்து யார் மருந்து சொன்னாலும் வாங்காதீர்கள்.