பெய்யாத பனி

மார்கழி விடியலில் வேலூர் சத்துவாச்சாரிப் பக்கம் வண்டியை எடுக்கப் போனால் சீட்டு நனைந்து கிடக்கும். துணியைத் தேடிக்கொண்டே "ராத்திரி நல்லா பனி பெஞ்சிருக்கு" என்போம். பக்கத்தில் வேப்பமரத்தடியில் நிறுத்திய வண்டியோ காய்ந்தே இருக்கும். மரம் குடை பிடித்தது என்று தோன்றும். ஆனால் பனி மேலிருந்து விழுவதே இல்லை.

பகலில் வாங்கிய சூட்டைச் சீட்டும் புல்லும் இரவில் கண்ணுக்குத் தெரியாத கதிராக வானத்துக்கு விட்டுவிடுகின்றன. மேகமில்லாத இரவில் அதில் திரும்பி வருவது குறைவு. அதனால் சீட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். அதைத் தொடும் காற்றிலுள்ள நீராவி அங்கேயே துளியாகிறது. ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்புக்கு வெளியே வியர்க்குமே, அதேதான். மரத்தடியில் இலைகள் கொஞ்சம் சூட்டைத் திருப்பித் தருவதால் சீட்டு அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. 1814இலேயே வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற மருத்துவர் இதை விளக்கிவிட்டார். ஒரு பலகையின் மேலும் அடியிலும் கம்பளிப் பஞ்சை வைத்து, எது அதிகம் நனைகிறது என்று எடைபோட்டுப் பார்த்தார். வானத்தைப் பார்த்திருந்த பஞ்சுதான் அதிகம் நனைந்திருந்தது.

சரி, சொல்லுக்கு வருவோம். பனித்தல் என்றால் துளிர்த்து நிற்பது. 'கண்கள் பனித்தன' என்பதில் அதுதான் இருக்கிறது. கன்னடத்தில் பகரம் ஹகரமாகும். நம் பால் அங்கே ஹாலு, பள்ளி ஹள்ளி. அப்படியே பனி அங்கே 'ஹனி', பொருள், துளி. இந்தி 'பானி' இதற்கு உறவில்லை, அது குடிக்கத் தக்கது என்னும் வடசொல்லிலிருந்து வந்தது.

பனித்தலுக்கு நடுங்குதல் என்றும் பொருள் உண்டு. 1223ஆம் குறளில் 'பனிஅரும்பி' வரும் மாலை, நடுக்கத்தோடுதான் வருகிறது. துளியும் நடுக்கமும் ஒரே சொல்லுக்குள் இருப்பது விடியலில் ஸ்கூட்டர் ஓட்டுகிறவருக்கு வியப்பாக இருக்காது. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்களே, அந்தத் துளைப்பு குளிரின் வேலை. முன்பனி, பின்பனி என்று நாலு மாதத்தை இதற்கே ஒதுக்கியிருக்கிறார்கள்.

மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சலும்கூட. வைத்தியத்துக்கு வேலூர் வந்த மலையாளத்துக்காரர் ஒருவர் மருந்துக்கடையில் "பனி" என்றார். கடைக்காரர் தெருவை எட்டிப் பார்த்துவிட்டு, "ஆமாங்க, இந்த வருஷம் கொஞ்சம் ஜாஸ்திதான்" என்றார்.