அந்தக் கடிதத்தை எழுதியது நான்தான்

பழைய காகிதங்களைச் செப்பனிட்டுப் பாதுகாப்பது என் தொழில். ஒரு குடும்பத்தின் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம், "இதெல்லாம் வீட்டு விஷயம், வேண்டாம்" என்று வீட்டார் தனியே ஒதுக்கி வைத்த கட்டைத்தான் முதலில் கேட்டு வாங்குவேன். அதற்கான காரணத்தை விளக்கும்போது, அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1920 ஆகஸ்டில் ஒரு தாய் தன் மகனுக்கு எழுதிய கடிதத்தை எப்போதும் சொல்வதுண்டு.

பெண்களுக்கு வாக்குரிமை தரும் 19ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நடைமுறைக்கு வர, அன்றிருந்த 48 மாநிலங்களில் 36 மாநிலங்களின் சட்டமன்றங்கள் ஒப்புதல் தர வேண்டியிருந்தது. 35 மாநிலங்கள் ஒப்புக்கொண்டுவிட்ட நிலையில் டென்னசியின் முடிவுக்காக நாடே காத்திருந்தது. இயக்கத் தலைவி கேரி சாப்மன் கேட் தலைநகர் நாஷ்விலில் ஒரு விடுதியில் தங்கிப் பணிகளை நடத்தினார். மாவட்டந்தோறும் இருந்த பெண்கள் தங்கள் உறுப்பினர்களை நேரில் கண்டும் கடிதம் எழுதியும் ஆதரவு கேட்டனர். வாய்ச்சொல்லை நம்பாமல், கையெழுத்திட்ட உறுதிமொழிகளையும் வாங்கி வைத்தனர். அவற்றில் கையெழுத்திட்ட சிலர் வாக்கெடுப்பு நெருங்கியபோது பின்வாங்கினார்கள். யார் எப்போது என்ன சொன்னார் என்பதற்குப் பெண்கள் காத்து வைத்த தாள்களே இன்று நமக்குச் சான்று.

இவ்வாறு எழுதி வைப்பதை இயக்கத்தினர் ஒரு கலையாகவே வளர்த்திருந்தனர். வாஷிங்டனில் தேசியப் பெண்கள் கட்சியின் மாட் யங்கர் நாடாளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரைப் பற்றியும் 22 குறிப்பு அட்டைகளை வைத்திருந்தார். அவற்றில் ஒன்று அந்த உறுப்பினரின் தாயாரைப் பற்றியது. மணமான ஆண்களிலும் சிலர் மனைவியைவிடத் தாயின் சொல்லையே அதிகம் கேட்பார்கள் என்பது அவர் கணிப்பு.

டென்னசியின் நியோட்டா என்ற சிற்றூரில் பண்ணை நடத்தி வந்த ஃபெப் பர்ன் கணவரை இழந்தவர். செய்தித்தாள்களை விடாமல் வாசிப்பவர். டென்னசி சட்டமன்ற உறுப்பினரான அவருடைய மகன் ஹாரி பர்னுக்கு அப்போது 24 வயது. அவையிலேயே மிக இளையவர். மகனுக்கு அவர் எழுதிய ஏழு பக்கங்களில் பெரும்பகுதி ஊர்ச் செய்தியும் வீட்டுச் செய்தியும்தான். அவற்றினூடே, வாக்குரிமைக்கு ஆதரவளி, அவர்களைச் சந்தேகத்தில் வைத்திருக்காதே என்ற வரிகள் வருகின்றன. நீ எந்தப் பக்கம் நிற்கிறாய் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன், இன்னும் ஒன்றும் தெரியவில்லை என்கிறார். நல்ல பிள்ளையாக இருந்து கேட் அம்மையாருக்கு உதவு என்றும் சொல்கிறார். ஒப்புதலைக் குறிக்கும் 'ராட்டிஃபிகேஷன்' என்ற சொல்லின் தொடக்கத்தில் எலியைக் குறிக்கும் 'ராட்' ஒளிந்திருப்பதை வைத்து ஒரு சொல் விளையாட்டும் அங்கே உண்டு. அறிவுரையைக் கண்டிப்பாகச் சொல்லாமல் இப்படிச் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன அந்தத் தாயின் குரலை எந்தச் சட்டமன்றக் குறிப்பிலும் காண முடியாது.

ஆகஸ்ட் 18 அன்று, எதிர்ப்பாளர்களின் அடையாளமான சிவப்பு ரோஜாவைச் சட்டையில் அணிந்து ஹாரி அவைக்கு வந்தார். திருத்தத்தைக் கிடப்பில் போடும் தீர்மானத்துக்கு அவர் ஆதரவாகவே வாக்களித்தார். அது இருமுறையும் 48-48 எனச் சமனாகித் தோற்றது. பிறகு திருத்தத்தின் மீதே வாக்கெடுப்பு வந்தபோது அவர் "ஆம்" என்றார். திருத்தம் நிறைவேறியது. லஞ்சம் வாங்கியதாகப் பழி எழவே, மறுநாள் தம் விளக்கத்தை அவைக் குறிப்பில் ஏற்றினார். தாயின் அறிவுரையைப் பின்பற்றுவதே மகனுக்குப் பாதுகாப்பானது என்பது அவர் கூறிய காரணங்களில் ஒன்று.

என் தொழிலில் இருப்பவர்கள் நின்று கவனிக்க வேண்டிய பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. லூசியானா மாநிலத்தின் முன்னாள் ஆளுநரின் மனைவி நியோட்டாவுக்கே சென்று, அந்தக் கடிதம் பொய் என்று ஃபெப் பர்னைச் சொல்ல வைக்க முயன்றார். ஃபெப் பர்ன் உடனே நாஷ்விலுக்குத் தந்தி அடித்தார்: கடிதம் உண்மையானது, எழுதியது நான்தான், என் பெயரில் வரும் வேறு எந்த அறிக்கையும் பொய், என் மகன் இறுதிவரை வாக்குரிமையின் பக்கமே நிற்க வேண்டும். ஒரு கடிதத்தின் நம்பகத்தன்மையைக் குலைக்க அது எழுதப்பட்ட சில நாட்களிலேயே ஒருவர் புறப்பட்டார் என்றால், நூறு ஆண்டுகள் கழித்து அதன் மூலப்படி இல்லாமல் நாம் எதைக் கொண்டு வாதிடுவோம்? அந்தக் கடிதம் இன்று நாக்ஸ்வில் நகரின் மெக்ளங் வரலாற்றுத் தொகுப்பில், ஹாரி பர்னின் ஆவணங்களோடு பாதுகாக்கப்படுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பத்தார், மாதர் சங்கத்தில் பணியாற்றிய தங்கள் பாட்டிக்குச் சட்டமன்ற உறுப்பினர்கள் எழுதிய பதில்களைக் கொண்டு வந்தார்கள். நல்லெண்ணத்தோடு எல்லாவற்றையும் லேமினேஷன் செய்திருந்தார்கள். சூட்டில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளுக்குச் சேதமின்றிப் பிரிப்பது மிகக் கடினம். பாட்டி எழுதியவற்றின் கார்பன் நகல்களோ, மங்கிப் போனவை என்று பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டன. பதில்கள் இருந்தும், அவர் கேட்ட கேள்விகள் கிடைக்கவில்லை. எனக்கு அன்று ஏற்பட்ட வருத்தம் இன்னும் தீரவில்லை.

ஆகவே உங்கள் வீட்டில் இத்தகைய கடிதங்கள் இருந்தால் லேமினேஷனும் செல்லோடேப்பும் வேண்டாம். துருப்பிடித்த குண்டூசிகளைத் தாள் கிழியாதபடி மெதுவாக எடுத்துவிடுங்கள். அஞ்சல் முத்திரையுள்ள உறையைக் கடிதத்தோடேயே வையுங்கள். உள்ளே தேதி எழுதாதவர்களின் தேதியை அதுதான் சொல்லும். மங்கிய நகலையும் வீட்டுக் கணக்கு எழுதிய பின்பக்கத்தையும் சேர்த்தே வையுங்கள். எழுதியவர் யார், பெற்றவருக்கு அவர் என்ன உறவு என்பதை வீட்டின் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு, ஒரு தனித்தாளில் பென்சிலால் எழுதி அந்தக் கட்டுக்குள் வைத்துவிடுங்கள்.