ஃபார்மேட் போடும் முன் ஒரு ராத்திரி பொறுங்கள்

ஆவணி பிறந்து பத்து நாள் இருக்கும். கல்யாண ஆல்பம் டிசைன் பண்ணும் அண்ணாச்சி ஒருவர், சிபியூவை ஸ்கூட்டரின் கால்பலகையில் நிறுத்தி, இரண்டு முழங்காலாலும் அணைத்துப் பிடித்தபடி பாளையங்கோட்டையில் இருக்கும் என் கடை வாசலில் வந்து இறங்கினார்.

“மூணு மட்டம் ஃபார்மேட் போட்டாச்சு தம்பி. நாலு நாள் நல்லாத்தான் ஓடுது. பெறவு பழைய குருடி கதவைத் திறடின்னு ஆரம்பிச்சிருது. ஆல்பம் எக்ஸ்போர்ட் போடுத நேரம் பாத்து நீலமா வந்து நின்னுருது.”

மூன்று தடவையும் போட்டது மூன்று ஆட்கள். முதலில் அவர் மகன், அடுத்து தெருமுனை சர்வீஸ் கடை, மூன்றாவது மகனின் கூட்டாளி. மூவரும் செய்தது ஒரே வேலை: படங்களை வெளி ஹார்ட் டிஸ்கில் காப்பி எடுத்து, டிஸ்கைத் துடைத்து, விண்டோஸ் ஏற்றி, படங்களைத் திரும்ப உள்ளே தள்ளியது. நீலத் திரை ஏன் வந்தது என்று ஒருவரும் பார்க்கவில்லை. என்னை இதை எழுத வைத்ததே அந்தக் காப்பி எடுத்த கதைதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

நீலத் திரையைப் பார்த்தவுடன் ‘வைரஸ்’ என்பார்கள். பெரும்பாலும் அது வைரஸ் இல்லை. விண்டோஸின் அடிமட்டத்தில் ஓடும் கெர்னல், தன் கணக்கில் இருக்கக்கூடாத ஒன்றைப் பார்க்கிறது. மேலே ஓடினால் தப்பானதை டிஸ்கில் எழுதிவிடுவோம் என்று அங்கேயே நின்றுவிடுகிறது. நிற்பதற்கு முன் காரணத்துக்கு ஒரு பெயரும், நடந்ததைப் பற்றி ஒரு சின்னக் கோப்பும் விட்டுவைக்கிறது. அந்தக் கோப்பு சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ‘மினிடம்ப்’ என்ற ஃபோல்டரில் கிடக்கும். ஃபார்மேட் போட்டால் முதலில் அழிவது அதுதான். திருட்டுப் போன வீட்டில் போலீஸ் வருவதற்கு முன்னால் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுகிற மாதிரி. (விண்டோஸ் 11-இல் 2025 முதல் அந்தத் திரை கருப்பாகிவிட்டது. நிறம்தான் மாறியிருக்கிறது, சமாச்சாரம் அதேதான்.)

சிபியூ அசெம்பிள்ட். இன்ஜினீயரிங் படிக்கும் மகன் 2021-இல் தானே பாகங்கள் வாங்கி மாட்டியது. பக்கவாட்டுக் கதவைக் கழற்றிப் பார்த்தேன்; கேபிள் கட்டியிருந்த அழகுக்கே பையனைப் பாராட்டலாம். குறை அங்கே இல்லை.

முதல் தப்பு என்னுடையது. அண்ணாச்சி வீட்டில் எர்த் சரியில்லை என்று எனக்கு முன்பே தெரியும்; கேபினட்டில் கை பட்டால் சுருக்கென்கிறது என்று போன வருடம் சொல்லியிருந்தார். அதை மனதில் வைத்து, பாகங்களுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்தான் குற்றவாளி என்று நானே தீர்மானித்துவிட்டேன். கடையில் இருந்த நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை மாட்டி இரண்டு நாள் ஓடவிட்டேன். நீலத் திரை வரவில்லை. கொடுத்தனுப்பினேன். நாலாம் நாள் போன் வந்தது. யோசித்துப் பார்த்தால், அந்த இரண்டு நாளும் அது டெஸ்க்டாப் படத்தைக் காட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது. எக்ஸ்போர்ட் போட்டு நான் சோதிக்கவே இல்லை.

இரண்டாம் முறை மகனையும் கூட வரச் சொன்னேன். “தம்பி, ஆடிக்கு முன்னாடி இது இப்படிப் பண்ணுச்சா?”

“இல்லண்ணே. ஆடியில வேலை இல்லாதப்போ ரேம் கூட்டினோம், 16-ஐ 32 ஆக்கினோம். ஆனா ரேம் ஓகேதான். விண்டோஸ்லயே டெஸ்ட் போட்டேன், எரர் இல்லைன்னு வந்துச்சு.”

முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கம்ப்யூட்டர் நன்றாக இருந்த கடைசி நாள் எது, அதற்கு அப்புறம் என்ன மாறியது. டாக்டர் கேட்பாரே, ‘எத்தனை நாளா காய்ச்சல், வெளியூர் எங்கேயும் போனீங்களா’ என்று, அது போல.

அப்புறம்தான், விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்தேன். ஸ்டார்ட்டில் அந்தப் பெயரை அடித்தால் வரும். விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். கம்ப்யூட்டர் திடீரென்று நின்ற ஒவ்வொரு முறைக்கும் ‘கெர்னல்-பவர் 41’ என்று ஒரு வரி இருக்கும். அந்தப் பெயரைப் பார்த்துத்தான் பாதிப் பேர் ‘பவர் பிரச்சினை’ என்று எஸ்எம்பிஎஸ் வாங்கப் போகிறார்கள். அந்த வரிக்குள் போய் ‘டீடெயில்ஸ்’ என்பதைத் தொட்டால் ‘பக்செக் கோட்’ என்று ஓர் எண் தெரியும். எண் பூஜ்யம் என்றால் நீலத் திரை பதிவாகாமலே சட்டென்று அணைந்திருக்கிறது அல்லது உறைந்து நின்றிருக்கிறது. அப்போது எஸ்எம்பிஎஸ், கரண்ட், சூடு என்று தேடலாம். பூஜ்யம் இல்லை என்றால் விண்டோஸ் தெரிந்தே நிறுத்தியிருக்கிறது. அண்ணாச்சி மெஷினில் மூன்றாவது ஃபார்மேட்டுக்குப் பிறகு ஐந்து வரிகள் இருந்தன. எண்கள் 26, 80, 59, 26, 10. எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றும் முன் இதை நான் பார்த்திருந்தால் அவருக்கு ஒரு நடை மிச்சம்.

26 என்பது மெமரி மேனேஜ்மென்ட். 80 என்பது இல்லாத மெமரிப் பக்கத்தைத் தேடிப்போனது. 59, 10 இரண்டும் டிரைவரைக் கைகாட்டுகிற மாதிரித் தெரியும். கூகுளில் ஒவ்வொன்றாகத் தேடினால் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு மருந்து கிடைக்கும். பையன் அதைத்தான் செய்துகொண்டிருந்தான். நான் பார்ப்பது எண்ணை அல்ல, எண்களின் வரிசையை. திரும்பத் திரும்ப ஒரே எண், ஒரே டிரைவர் பெயர் வந்தால் பெரும்பாலும் மென்பொருள். நாளுக்கொரு எண், ஆளுக்கொரு பெயர் என்று வந்தால் கை ஹார்ட்வேர் பக்கம், அதிலும் முதலில் ரேம் பக்கம் போக வேண்டும். ரேமில் ஒரு பிட் தப்பாகப் புரண்டால், அதாவது 0 இருக்க வேண்டிய இடத்தில் 1 வந்தால், அந்த நேரத்தில் அந்த இடத்தில் யார் குடியிருந்தாரோ அவர் மேல் பழி விழும். இன்று கிராஃபிக்ஸ் டிரைவர், நாளை ஆன்டிவைரஸ்.

மென்பொருள் பழுது எப்படி இருக்கும் என்பதற்கு 2024 ஜூலை 19-ஐ நினைத்துப் பாருங்கள். கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு பழுதான அப்டேட்டால் உலகமெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் படுத்தன. அத்தனையிலும் பழி ஒரே கோப்பின் மேல். உங்கள் மெஷினில் அப்படி ஒரே பெயர் வருகிறதா என்று பார்க்க, மினிடம்ப் கோப்புகளை மைக்ரோசாஃப்டின் வின்டிபிஜி என்ற இலவசக் கருவியில் திறக்கலாம். ஒரே ஓர் எச்சரிக்கை: ‘என்டிஓஎஸ்கெர்னல்’ என்று பெயர் காட்டினால் விண்டோஸ்தான் கெட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது பிணத்தைக் கண்டெடுத்த ஆள், கொன்றவன் வேறு.

அன்று சாயங்காலம், ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து விட்டுவிட்டு, எதிர்க்கடையில் டீ குடிக்கப் போனேன். இலவசப் பதிப்பே போதும். நாலு சுற்று ஓடும், 32 ஜிபிக்கு ஒரு ராத்திரி பிடிக்கும். விண்டோஸோடு வரும் மெமரி டெஸ்ட் அவசரத்துக்கு உதவும், ஆனால் அது ‘எரர் இல்லை’ என்று சொன்னால் நான் நம்புவதில்லை. முதல் ஒரு மணி நேரம் திரை சுத்தமாக இருந்தது. கடையைப் பூட்டலாம் என்று எழுந்தபோது, சரியாக ஒரு மணி 40 நிமிடத்தில், சிவப்பு வரிகள் விழ ஆரம்பித்தன. முதலில் இரண்டு. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்பது.

ரேமில் ஒன்று எரர் என்றாலும் எரர்தான். ‘ரெண்டே ரெண்டுதானே’ என்று விடக்கூடாது.

மறுநாள் நாலு ரேமையும் கழற்றி, ஒன்று ஒன்றாக, ஒரே ஸ்லாட்டில் போட்டுச் சோதித்தேன். இதற்குப் பொறுமை வேண்டும், குறுக்குவழி கிடையாது. ஒரே சமயத்தில் ரேமையும் ஸ்லாட்டையும் மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாது. நாலும் தேறின. ஸ்லாட்டுகளும் தேறின. அப்படியென்றால் கோளாறு நாலும் சேர்ந்து ஓடுவதில்.

பழைய ஜோடியின் லேபிளில் வேகம் 3200. புது ஜோடியில் 3600. பையன் பயோஸில் (விண்டோஸுக்கு முன்னால் திறக்கும் மதர்போர்டு செட்டிங்ஸில்), ரேமை லேபிள் வேகத்துக்கு ஏற்றும் எக்ஸ்எம்பி-யைப் போட்டு, வாங்கிய காசு வீணாகக் கூடாதென்று 3600 புரொஃபைலைத் தேர்ந்தெடுத்திருந்தான். பழைய ஜோடிக்கு அது தன் சக்திக்கு மேல் ஓட்டம். அதோடு, எக்ஸ்எம்பி என்பதே ஓவர்கிளாக்தான், அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதுதான் என்பது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. டிடிஆர்4 வகை ரேமின் நிலையான மின்னழுத்தம் 1.2 வோல்ட், எக்ஸ்எம்பி போட்டால் பெரும்பாலும் 1.35. பெட்டியில் அச்சடித்த வேகம் ரேம் தரும் வாக்குறுதி. பிராசஸருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர் அப்படி வாக்குக் கொடுக்கவில்லை. ரைசன் 5000 வரிசை பிராசஸர்களுக்கு ஏஎம்டி கம்பெனி உறுதி தரும் வேகம் இரண்டு ரேம் இருந்தால் 3200. நாலு ஸ்லாட்டையும் நிரப்பினால், ரேமின் அமைப்பைப் பொறுத்து 2933 அல்லது 2667. அடுத்த தலைமுறையான டிடிஆர்5-இல் இந்த இறக்கம் இன்னும் செங்குத்து: ரைசன் 7000 வரிசையில் இரண்டு ரேமுக்கு 5200, நாலுக்கு 3600. ஆகவே 32 ஜிபி வேண்டும் என்றால் இரண்டு 16 ஜிபி ஒரே பாக்கெட்டில் வாங்கி, பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடுங்கள். பழையது கிடக்கிறதே என்று கூடச் சேர்க்காதீர்கள். விற்றுவிடுங்கள், தம்பி தங்கைக்குக் கொடுங்கள்.

எக்ஸ்எம்பி-யை அணைத்தேன். 2666-இல் நின்றது. ராத்திரி முழுக்க ஓடியது, ஒரு சிவப்பு வரிகூட இல்லை.

இங்கேயே முடிந்திருந்தால் இது எழுதும் அளவுக்குப் பெரிய விஷயம் இல்லை. மெஷினை வாங்க வந்த அண்ணாச்சி, சரியாகிவிட்டதா என்று பார்க்க ஒரு பழைய ஆல்பத்தைத் திறந்தார். மணமகளின் தங்கை சந்தனக் கிண்ணத்தோடு வாசலில் நிற்கும் படம். மேல் பாதி கண்ணாடி போலத் தெளிவு. இடுப்புக்குக் கீழே இளஞ்சிவப்பில் ஒரு பட்டை, அதற்குக் கீழே சாம்பல். சின்னப் படமாகப் பார்க்கும்போது முழுசாகத்தான் தெரிந்தது. சின்னப் படம் தனியாகச் சேமிக்கப்பட்டிருப்பதால் பழுது அதில் தெரியாது.

நீலத் திரை வந்த நேரங்கள் விண்டோஸ் தப்பைக் கண்டுபிடித்த நேரங்கள். கண்டுபிடிக்காத நேரங்களும் உண்டு. கோப்பை ஒரு டிஸ்கிலிருந்து இன்னொரு டிஸ்குக்குக் காப்பி எடுக்கும்போது அது ரேம் வழியாகத்தான் போகிறது. வழியில் ஒரு பிட் புரண்டால் புரண்டபடியே எழுதப்படும், ஒரு செய்தியும் வராது. மூன்று ஃபார்மேட், போகவர ஆறு காப்பி. அத்தனையும் அந்தக் கெட்ட ரேம் அமைப்பின் வழியாக. பாதுகாப்புக்கு எடுத்த பேக்கப்பிலேயே பழுது.

சந்தேகம் இருப்பவர்கள் சுலபமாக ஒரு சோதனை செய்யலாம். செவன்-ஜிப் என்ற மென்பொருளை நிறுவினால் எந்தக் கோப்பின் மேலும் ரைட் கிளிக் செய்து ஷா-256 கணக்கு (கோப்பின் கைரேகை மாதிரி ஒரு நீள எண்) எடுக்கலாம். உங்கள் ரேமைவிடப் பெரிய கோப்பு ஒன்றுக்கு அதை மூன்று முறை எடுங்கள். மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒரு முறை மாறினாலும் அந்த மெஷினில் பேக்கப் எடுப்பதை அந்த நிமிடமே நிறுத்துங்கள். டிஸ்கைக் கழற்றி வேறு மெஷினில் போட்டு எடுங்கள்.

எல்லா நீலத் திரையும் ரேம் இல்லை. எண் 292 என்றால் பிராசஸரே புகார் சொல்கிறது. ஓவர்கிளாக், அண்டர்வோல்ட் (மின்னழுத்தத்தைக் குறைத்து ஓட்டுவது) இருந்தால் எடுத்துவிட்டுப் பாருங்கள். இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில் மின்னழுத்தம் எகிறும் கோளாறை அந்த நிறுவனமே 2024-இல் ஒப்புக்கொண்டு, பயோஸ் வழியாகத் திருத்தம் தந்து, வாரன்டியை இரண்டு வருடம் நீட்டியது. ஏற்கெனவே சேதமான பிராசஸரைத் திருத்தம் குணப்படுத்தாது, மாற்றித்தான் ஆக வேண்டும். 278 என்றால் கிராஃபிக்ஸ். டிரைவரைச் சுத்தமாக நீக்கிப் புதிதாகப் போடுங்கள். திரையில் சதவீதம் பூஜ்யத்திலேயே நின்று, ரீஸ்டார்ட் ஆனதும் பூட் டிஸ்க் இல்லை என்று சொல்லி, ஸ்விட்சை அணைத்துப் போட்டால் திரும்ப வந்தால் எஸ்எஸ்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே காணாமல் போகிறது என்று அர்த்தம். முதலில் டேட்டா, மற்றதெல்லாம் அப்புறம். ரேமைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்து மாட்டுவது நம் ஊர் வைத்தியம். சில சமயம் பலிக்கும், நானும் செய்திருக்கிறேன். ரப்பர் தூள் ஸ்லாட்டில் விழுந்தால் அது புது வம்பு.

எதுவாக இருந்தாலும், சிஸ்டம் பிராப்பர்ட்டீஸில் ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். திரை நிற்கும், மொபைலில் படம் பிடிக்க நேரம் கிடைக்கும். பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு: தேதி, மணி, எண், அப்போது என்ன வேலை ஓடியது, நேற்று எதை மாற்றினீர்கள். ஒரு தடவைக்கு ஒன்றுதான் மாற்ற வேண்டும். நோட்டோடு வருகிற வாடிக்கையாளரிடம் நான் வாங்கும் கூலி குறைவு, என் வேலையும் குறைவு.

அண்ணாச்சியின் 38,000 சொச்சம் படங்களை வேறு மெஷினில் ஒரு புரோகிராம் வைத்துத் திறந்து பார்த்ததில் 61 பழுது. போட்டோகிராபர்களிடம் கேட்டு வாங்கியதில் 50 திரும்பக் கிடைத்தன. மிச்சம் 11-க்கு மூல கார்டை அடுத்த கல்யாணத்துக்காக அழித்துவிட்டார்கள். பதினொன்றும் வரவேற்பில் வரிசையில் நின்று மொய்க்கவர் கொடுத்த சொந்தக்காரர்கள். அவர்கள் இல்லாமலே ஆல்பம் பிரின்ட்டுக்குப் போனது.

“கேட்டா என்ன சொல்லுவீங்க அண்ணாச்சி?”

“இதுவரை யாரும் கேக்கல. அவங்க போட்டோவத்தான் தம்பி அவங்க தேடுவாங்க, மாப்பிள்ளை வீடு எதுக்குத் தேடுது.”

எக்ஸ்போர்ட் முன்பைவிட ரெண்டு நிமிஷம் கூட எடுக்கிறதாம். அந்த நேரத்தில் டீ குடித்துக்கொள்கிறாராம்.