சாதுவான காரில் ஓடும் சுகம்

திருகோணமலையில் கராஜ் வைத்திருப்பவன் என்ற முறையில், காரின் உயரத்தைக் குறைத்துப் பதித்துத் தரும்படியும் சைலன்சரை மாற்றித் தரும்படியும் கேட்டு வரும் இளைஞர்களை அடிக்கடி காண்கிறேன். அவர்களில் சிலர் சில மாதங்களில் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கித் தரச் சொல்லித் திரும்பி வருவதுமுண்டு.

அப்படித் திரும்பி வந்த ஒரு தம்பியின் சுசுகி வேகன் ஆர் காரில், உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரை அவரோடு ஓடிப் பார்த்தேன். கட்டையான ஸ்பிரிங்குகளைப் போட்டு, 14 அங்குல ரிம்முக்குப் பதிலாக 16 அங்குல ரிம் பூட்டியிருந்தார். முன்பு இருந்த 155/65 டயரின் (அகலம் 155 மில்லிமீற்றர், பக்கச்சுவர் அதில் 65 வீதம்) பக்கச்சுவர் ஏறத்தாழ 100 மில்லிமீற்றர் உயரம்; அவர் போட்டிருந்த 165/45 டயருக்கோ 74 தான். பள்ளத்தின் அடியை முதலில் வாங்கிக்கொள்வது காற்றடைத்த அந்தச் சுவர் என்பதால், குறைந்துபோன 26 மில்லிமீற்றரும் எங்கள் இடுப்புக்கு வந்து சேர்ந்தது. பின்பக்கக் கண்ணாடியில் தெரிந்த பஸ் நடுங்கிக்கொண்டே வந்தது. வேகத்தடை ஒவ்வொன்றிலும் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காரைக் கோணலாக ஏற்றினார். ஆனாலும் அடித்தட்டு உரசியது. "ஓடுறதே தண்டனை மாதிரி இருக்கு அண்ணை" என்றார்.

இன்ஜினிலும் இதே கதைதான். வால்வுகளைத் திறக்கும் தண்டுதான் கேம் ஷாஃப்ட்; பந்தயத்துக்கென்று வெட்டியது அவற்றை நீண்ட நேரம் திறந்து வைத்திருப்பதால் உயர் சுழற்சியில் வலுவைத் தரும். ஆனால் சந்தைக்கும் பாடசாலைக்கும் போகும்போது, நிமிடத்துக்கு 2,000 சுழற்சியளவில், அதே இன்ஜின் விக்கித் திணறும். அதற்கேற்ற இறுக்கமான கிளட்ச்சை நெரிசலில் மிதித்தவரின் இடது முழங்காலைக் கேட்டுப் பாருங்கள்.

நமது சட்டப்படி ஊர்மனைக்குள் காரின் வேக எல்லை மணிக்கு 50 கிலோமீற்றர், வெளியே 70. வலுவான கார் இரண்டாம் கியரை முடிக்கும் முன்னரே அதைத் தாண்டிவிடும். மிச்ச வலு முழுவதும் காசு கொடுத்து வாங்கிப் பூட்டி வைத்த பொருள். ஜப்பானிய உற்பத்தியாளர்கள் தமக்குள் 64 குதிரைவலு என்று எல்லை வகுத்துக்கொண்ட 660 சிசி சின்னக் கார்களில் நிலைமை வேறு. கந்தளாய் வீதியில் ஒரு லொறியை முந்த மூன்றாம் கியருக்கு இறக்கி, மிதியை அடிவரை அழுத்தி, இன்ஜின் முழுக்குரலில் பாடுவதைக் கேட்டபடி சட்டத்துக்குள்ளேயே போகலாம். கார் தன்னிடம் உள்ளதையெல்லாம் தருகிறது, ஓட்டுபவருக்கும் கைநிறைய வேலை இருக்கிறது. எனக்கு ஓட்டத்தின் சுகம் இதுதான். மேலும், 70 இல் பிரேக் பிடித்து நிற்கத் தேவையான தூரம் 100 இல் ஏறக்குறைய இரட்டிப்பாகும். மாடு வீதியில் படுத்திருக்கும், கோட்டைப் பக்கம் மான் குறுக்கே வரும் ஊர் இது.

எண்ணெய் கசியும் சொக் அப்சோபரை மாற்றுவதற்கும் நல்ல டயர், பிரேக் போடுவதற்கும் செலவழியுங்கள். அதை நான் தடுக்கமாட்டேன். எதைக் கழற்றினாலும் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். அந்தத் தம்பியின் பழைய ஸ்பிரிங்குகள் நல்லவேளையாக அவருடைய வீட்டுக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் கிடந்தன. மண்ணெண்ணெயில் கழுவி, வெடிப்பு இல்லையென்று உறுதிசெய்து பூட்டினோம். போகும்போது என் வாசல் கானின் மேல் காரைக் கோணலாக்காமல் நேரே ஏற்றிக்கொண்டு போனார்.