பாலாற்றுக் கிணற்று நீரும் ஆர் மென்பொருளின் பதிப்பும்

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் வட்டாரத்து நிலத்தடி நீரை ஆராய்பவர்களுக்கு 'ஆர்' (R) என்ற புள்ளியியல் மென்பொருள் கைகொடுக்கிறது. காசு இல்லை, லைசென்ஸ் தொல்லை இல்லை. ஆனால் ஆய்வேட்டில் "ஆர் பயன்படுத்தப்பட்டது" என்று மட்டும் எழுதினால் போதாது. எந்தப் பதிப்பு?

நான்கு கிணறுகளின் குரோமிய அளவு, லிட்டருக்கு மில்லிகிராமில், லேப் ரிப்போர்ட்டில் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: 0.03, 0.12, பிடிஎல், 0.07. பிடிஎல் என்றால் கருவி கண்டறியும் வரம்புக்கும் கீழே. இந்த ஒரு சொல்லால் அந்த நெடுவரிசை முழுவதும் எண்ணாக அல்லாமல் எழுத்தாகிவிடும். 2020-ல் வந்த 4.0.0-க்கு முந்தைய ஆர், சிஎஸ்வி கோப்பைப் படிக்கும்போதே அதை ஃபேக்டராக்கிவிடும், அதாவது ஒவ்வொரு மதிப்பையும் ஒரு வகைப்பெயராக எடுத்து வரிசை எண் கொடுத்துவிடும். அதன்மேல் நேராக, எண்ணாக மாற்றும் 'ஆஸ் நியூமெரிக்' கட்டளையைப் போட்டால் 1, 3, 4, 2 என்று வரும். அவை குரோமிய அளவே அல்ல, அகரவரிசை எண்கள். குடிநீருக்கான வரம்பு 0.05, குரோமியமே தட்டுப்படாத கிணறு 4 வாங்கி முதலிடத்தில் நிற்கும். எச்சரிக்கை ஒன்றும் வராது, அதுதான் கொடுமை. புதிய பதிப்பில் அதே ஸ்கிரிப்ட் பிடிஎல் இருந்த இடத்தைக் காலியாக்கி, எச்சரிக்கையும் தரும்.

காலியாக விட்டாலும் சராசரி ஏறிவிடும். பூஜ்யம் போட்டால் இறங்கிவிடும். கண்டறியும் வரம்பை லேபில் கேட்டு வாங்கித் தனி நெடுவரிசையில் வையுங்கள்.

குலுக்கல் முறையில் மாதிரி எடுக்கும் ஆரின் வழியும் 2019-ல் 3.6.0-வில் மாறியது. அதே குலுக்கல் மீண்டும் வருவதற்காகத் தரும் சீட் எண்ணைக் கொடுத்தாலும் வேறு கிணறுகள் தேர்வாகலாம்.

அடுத்தது பராமரிப்பு. வரைபட வேலைக்குப் பலரும் நம்பியிருந்த ஆர்ஜிடால் பேக்கேஜ், பராமரித்தவர் ஓய்வு பெற்றதையொட்டி 2023 அக்டோபரில் க்ரானிலிருந்து (ஆர் பேக்கேஜ்களின் பொதுக் களஞ்சியம்) விலக்கப்பட்டது. சீனியர் கொடுத்த பழைய ஸ்கிரிப்ட் இன்ஸ்டால் கட்டத்திலேயே நின்றுவிடும். அதற்குப் பதிலாக எஸ்எஃப், டெர்ரா பேக்கேஜ்கள் இருக்கின்றன. ஆனால் பேக்கேஜ் பெயரை மட்டும் மாற்றினால் ஓடாது, ஃபங்ஷன்களும் வேறு.

வேலை தொடங்கும்போதே, பேக்கேஜ் பதிப்புகளைப் பதிந்து வைக்கும் 'ரென்வ்' பேக்கேஜைப் போட்டு இனிட் செய்யுங்கள், பகுப்பாய்வு முடிந்ததும் ஸ்னாப்ஷாட் எடுத்தால் ஒரு லாக் கோப்பு கிடைக்கும். அந்த லாக் கோப்பு பேக்கேஜ் பதிப்புகளைக் காக்கும். ஆர் பதிப்பைக் குறித்து வைக்குமே தவிர நிறுவித் தராது. வரைபடக் கோப்புகளைப் படிக்கும் ஜிடால் போன்ற, ஆருக்கு வெளியே உள்ள சிஸ்டம் லைப்ரரிகள் அதில் அடங்கா. எனவே ஆர், பேக்கேஜ் பதிப்புகளைக் காட்டும் 'செஷன் இன்ஃபோ' கட்டளையின் விவரத்தோடு ஜிடால் பதிப்பையும் பின்னிணைப்பில் சேருங்கள். வைவாவுக்கு ஒரு வாரம் முன்பாவது வேறொரு கம்ப்யூட்டரில் லாக் கோப்பிலிருந்து ரிஸ்டோர் செய்து ஓட்டிப் பாருங்கள். விண்டோஸில் பழைய பேக்கேஜைக் கம்பைல் செய்ய ஆர்டூல்ஸ் என்ற கருவித்தொகுப்பைக் கேட்கும். அதுவும் உங்கள் ஆர் பதிப்புக்குப் பொருந்தியதாக இருக்க வேண்டும்.