வீட்டு வேலைத் தொழிலாளர்: சொல் விளக்கம்

‘டொமஸ்டிக் வொர்க்கர்’ என்ற ஆங்கிலத் தொடருக்கு ஈடாக வேலைக்காரி, வேலையாள், பணிப்பெண், வீட்டுப் பணியாளர், வீட்டு வேலைத் தொழிலாளர் எனப் பல சொற்கள் தமிழில் வழங்குகின்றன. ஆள் ஒருவரே என்றாலும், ஒவ்வொரு சொல்லும் அவருக்குக் கொடுக்கும் இடம் வேறு.

ஆங்கிலச் சொல்லின் முற்பகுதி, வீடு என்று பொருள்படும் ‘டோமுஸ்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதற்கு முன் பரவலாக வழங்கிய ‘சர்வண்ட்’ என்ற சொல்லின் வேர் அடிமை என்ற பொருளுடன் தொடர்புடையது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011 ஜூன் 16 அன்று ஏற்றுக்கொண்ட 189ஆம் உடன்படிக்கை, ஒரு வீட்டிலோ பல வீடுகளிலோ, அவற்றுக்காகவோ செய்யப்படும் வேலையை வீட்டு வேலை என்றும், வேலையளிப்பவருடன் வேலை உறவு கொண்டு அதைச் செய்பவரைத் தொழிலாளர் என்றும் வரையறுத்தது. ‘நாலு வீடு செய்கிறேன்’ என்று வீட்டைக் கணக்காக வைத்துத் தம் உழைப்பைச் சொல்லும் நம்மூர்ப் பெண்களுக்கு, ‘பல வீடுகள்’ என்ற அந்தச் சொல் எவ்வளவு பொருந்துகிறது! இந்தியா இந்த உடன்படிக்கைக்கு ஆதரவாக வாக்களித்தும் இன்றுவரை அதற்கு ஒப்புறுதி அளிக்கவில்லை.

இனித் தமிழ்ச் சொற்களுக்கு வருவோம். ‘வேலைக்காரி’ என்பதில் இழிபொருள் எதுவும் இலக்கணப்படி இல்லை. பால்காரர், தோட்டக்காரர் என்பவற்றில் உள்ள அதே விகுதிதான். ஆனால் அவர்களுக்கு இயல்பாக வந்து சேரும் ‘அர்’ என்ற மரியாதை, பத்துப்பாத்திரம் தேய்ப்பவருக்கு மட்டும் எளிதில் வருவதில்லை. (இந்தப் ‘பத்து’ எண்ணுப்பெயரன்று; பாத்திரத்தில் ஒட்டிய சோற்றுப் பற்று.) ‘பணிப்பெண்’ என்ற சொல் இலங்கைத் தமிழில், மத்திய கிழக்கு நாடுகளுக்குச் செல்லும் பெண்களைக் குறிக்க மிகுதியும் வழங்குகிறது, அது ஆண்களை உள்ளடக்காது.

‘வீட்டுப் பணியாளர்’ மதிப்பான சொல். 2007இல் தமிழ்நாட்டில் அமைந்த நல வாரியமும் அப்பெயரையே கொண்டது. எனினும் ‘பணி’ என்பதற்கு வேலை என்ற பொருளோடு தாழ்தல், வணங்குதல் என்ற பொருள்களும் உண்டு. பணிவும் பணிவிடையும் அவ்வழி வந்தவை. அரசுப் பணியாளரை அந்தப் பொருள் தொடுவதில்லை, ஏனென்றால் அவருக்கு விதிகளும் விடுப்பும் ஓய்வூதியமும் அரணாக நிற்கின்றன. அந்த அரண் இல்லாதவர் மீது அது ஒட்டிக்கொள்கிறது.

ஆகவே ‘வீட்டு வேலைத் தொழிலாளர்’ என்பதே ஏற்ற சொல் என்பது என் துணிபு. வாரியத்துக்கு அடிப்படையான 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே ‘உடலுழைப்புத் தொழிலாளர்’ என்ற தொடர் இருக்கிறது. 2008ஆம் ஆண்டின் அமைப்புசாராத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம், வீடுகளில் அமர்த்தப்படுவோரையும் கூலித் தொழிலாளர் என்ற வரையறைக்குள் பெயர் சொல்லிச் சேர்த்தது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், ஒருவர் குடியிருக்கும் வீடும் இன்னொருவருக்குப் பணியிடமே என்று ஏற்றது. பகுதி நேரமாக வருபவருக்கும், முகமை வழியாக வருபவருக்கும் அது பொருந்தும்.

இதற்கு மாறாக, 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு ‘தொழில்’ என்பதன் வரையறையிலிருந்து வீட்டு வேலையை வெளிப்படையாக விலக்கியிருக்கிறது. விடியற்காலையில் முதல் வீட்டு வாசலைத் தெளித்துத் தொடங்கி, மாலையில் கடைசி வீட்டுக் கழுவுதொட்டியில் முடியும் உழைப்பு, அந்தச் சட்டத்தின் கண்ணில் தொழிலே அன்று. இவர்களுக்கெனத் தனிச் சட்டம் தேவையா என ஆராயக் குழு அமைக்குமாறு 2025 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் ஒன்றிய அமைச்சகங்களைப் பணித்ததும் இத்தகைய இடைவெளிகளால்தான்.

எழுதும்போது ஒரு எச்சரிக்கை: ‘வேலை’யை விட்டுவிட்டு ‘வீட்டுத் தொழிலாளர்’ என்று சுருக்கக் கூடாது. அது தம் வீட்டிலிருந்தே பீடி சுற்றுவோரையும் அப்பளம் இடுவோரையும் குறித்துவிடும். அவர்களுக்குரிய சிக்கல்களும் சட்டங்களும் வேறு.